இடது கைக்காரியும் மூளைப்பெட்டியும்

இடது கை விரல்கள் ஓர் இடுக்கியைப் பிடித்திருந்தன. இடுக்கியின் முனையில் மஞ்சள் டேப்பின் துணுக்கு ஒன்று இருந்தது, தரையில் விழுந்தால் தேடிக் கிடைக்காத அளவு. வலது கை, மேசையில் திறந்து கிடந்த விளையாட்டுப் பெட்டியின் திரைச் சட்டத்தை ஒரு பிளாஸ்டிக் ஆப்பால் மயிரிழை தூக்கிப் பிடித்திருந்தது. அந்த இடுக்கில் துணுக்கு போய் உட்கார்ந்தது. அதன் அண்ணன்மார் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். இது அவர்கள் தோளில் ஏறிக்கொண்டது. சட்டம் மூடியது, திருகுகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் அதே கைகள் பெட்டியின் மேல்மூடியை மெல்லிய துணியால் துடைத்தன. பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல அவ்வளவு கரிசனமாக.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “என்ன எண்பது, சார்ஜ் ஏறிடுச்சா?”

“ஏறிடுச்சு அண்ணி. இதோ கொண்டு வரேன்.”

எண்பது என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. வயதும் அல்ல, அதில் பாதியைக்கூட அவள் இன்னும் தொடவில்லை. அந்தப் பெயரை வைத்தது ஓர் ஆமை. வைக்கச் செய்தது அவளுடைய நாத்தனார்.

கடை ஒரு மருந்துக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நின்றது. கைப்பேசி, கைக்கடிகாரம், ரிமோட், விளையாட்டுப் பெட்டி, பேட்டரி போட்டு ஓடுகிற எதுவானாலும் அங்கே பழுது பார்ப்பார்கள். முன்னால் கண்ணாடி மேசை, அதன் பின்னால் ஒரு சுழல் நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் பலகைத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் வேலை மேசை, சுவரைப் பார்த்தபடி. நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத் தெரு தெரியும், வருகிறவர் போகிறவர் முகம் தெரியும், நாலு வார்த்தை பேச்சு கிடைக்கும். வேலை மேசையில் உட்கார்ந்தவருக்குச் சுவர் தெரியும். சுவரில் ஒரு விரிசல் உண்டு. அது மேலே போகப் போக இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றாகச் சேரும் இடம்வரை அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

ஆரம்பத்தில் அந்த நாற்காலி அவளுடையதுதான்.

கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார்தான் அவளை அதில் உட்காரச் சொன்னார். கடை அவர் தொடங்கியது. அவர் பின்னால் பழுது பார்ப்பார், மகன் வீடு வீடாகப் போய் சாமான்களை வாங்கி வருவான், மூத்த மகள் வரவு செலவும் வீடும் பார்த்துக்கொள்வாள். புது மருமகளுக்கு ஒரு வேலை வேண்டுமே என்று முன்னால் உட்கார வைத்தார்கள். வந்தவளுக்கு முகங்கள் மறக்காது. ஒருமுறை வந்தவர் மறுமுறை படியேறும்போதே, “நீங்க அந்த ஓரம் உடஞ்ச நீலக் கவர்காரர்தானே? ரெடியா இருக்கு” என்பாள். படியேறுகிறவருக்கு அது போதும். தன் கைப்பேசியை விட்டுவிட்டுத் தன்னையே யாரோ பழுது பார்த்துவிட்டதுபோல முகம் மலர்ந்து போவார்கள். மெல்ல மெல்ல, வருகிறவர்கள் “அந்தப் பொண்ணு இல்லையா?” என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கேள்வியை அதிகம் கேட்டது நாத்தனாரின் காது.

நாத்தனாருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இந்தக் கடைதான் அவளுக்குப் புகுந்த வீடும் பிறந்த வீடும். கெட்டிக்காரி. கறார். அவளுக்கு இவளிடம் பிடிக்காத விஷயம் வெளியே சொல்லும்படி ஒன்றுதான் இருந்தது. “இடது கையால சாமானக் குடுக்காதம்மா. வாங்கறவங்க என்ன நினைப்பாங்க? வியாபாரம் விளங்குமா?” இவளும் கையை மாற்றிப் பார்ப்பாள். ஆனால் அவசரத்தில் அவளுடைய கை எது என்று அவளுடைய கைக்குத்தான் தெரியும்.

மாமனார் படுக்கையில் விழுந்து, நெடுநாள் கிடந்து, போய்ச் சேர்ந்த பிறகு, நாத்தனார் ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கிவந்தாள். புத்தகம்போல விரியும், இரண்டு பக்கமும் திரை. ஒரு பக்கத்தில் கேள்வி வரும், மறுபக்கத்தில் சின்னக் குச்சியால் விடையை எழுத வேண்டும். கூட்டல், பெருக்கல், வந்து மறையும் சொற்களை நினைவிலிருந்து எழுதுவது, கிளையில் வந்து உட்கார்ந்து பறக்கும் குருவிகளை எண்ணுவது. எல்லாம் முடிந்ததும் கண்ணாடி போட்ட ஓர் ஆமை நடந்துவந்து மூளையின் வயதைச் சொல்லும். இருபது என்றால் ஆமை ஓடிவரும். வயது ஏற ஏற நடை தளரும். எண்பது என்றால் கம்பு ஊன்றிக்கொண்டு வரும். தினமும் விளையாடினால் மூளை துருப்பிடிக்காது என்று டப்பாவில் போட்டிருந்தது. வீட்டில் அதற்கு மூளைப்பெட்டி என்று பெயர் விழுந்தது.

முதல் நாள் கடையில் நல்ல கூட்டம். தபால்காரர் இருந்தார், தையல்காரர் இருந்தார், இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். எல்லோரும் விளையாடினார்கள். நாத்தனாருக்கு முப்பத்திரண்டு. தபால்காரருக்கு நாற்பத்தொன்பது, அவருடைய உண்மை வயதும் அதுதான் என்று அவரே சிரித்துக்கொண்டார். பிறகு நாத்தனார் சொன்னாள், “எங்க வீட்டு மகாராணி விளையாடட்டும். இரு, நான் ஆரம்பிச்சுக் குடுக்கறேன்.” பெட்டியைத் தன் பக்கம் திருப்பி எதையோ அழுத்தினாள். அழுத்திவிட்டுக் கொடுத்தாள்.

இவள் குச்சியோடு தயாராக இருந்தாள். ஆனால் எழுத வேண்டிய பக்கம் வலப்புறம் இருந்தது. இடது கையைக் குறுக்கே கொண்டுபோனால் முழங்கை கேள்வியை மறைத்தது. கேள்வியைப் பார்க்கக் கையை எடுத்தால் நேரம் ஓடியது. கையை மாற்றி எழுதிப் பார்த்தாள். எட்டு எழுதினால் பெட்டிக்கு அது புரியவே இல்லை. குருவிகள் அவள் முழங்கைக்கு அடியில் வந்து உட்கார்ந்து பறந்துபோயின. ஆமை வந்தது. கம்பு ஊன்றிக்கொண்டு, நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

“எண்பது!” என்றாள் நாத்தனார்.

கடை சிரித்தது. அவள் கணவனும் சிரித்தான். ரொம்ப இல்லை, ஓரமாக. அந்த ஓரத்தைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

அடுத்த வாரமே பேச்சு தொடங்கியது. “தம்பி, சாமான மாத்திக் குடுத்துட்டா யாரு பதில் சொல்றது? எண்பது வயசு மூளைய முன்னாடி வெச்சுக்கிட்டு வியாபாரம் பண்ண முடியுமா?” விளையாட்டுப்போலத்தான் சொன்னாள். ஆனால் விளையாட்டு முடிந்தபோது நாத்தனார் நாற்காலியில் இருந்தாள், இவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். “பின்னாடி உக்காந்து தூசி தட்டிக்கிட்டு இரு, போதும்.”

தூசி தட்டினாள். மாமனார் விட்டுப்போன சாமான்களைத் தட்டும்போது ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். செத்துப்போன சர்க்யூட் பலகைகளில் ஈயம் உருக்கிப் பழகினாள், விரல் சுட்டுக்கொண்டாள், கெடுத்ததைத் தானே சரி பண்ணினாள். கடைக்கு வெளியாள் ஒருவன் வந்து பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வேலையை விட்டு நின்றபோது, வேறு ஆள் தேட வேண்டிய தேவையே வரவில்லை. அதற்காக யாரும் அவளை முன்னால் கூப்பிடவில்லை. முன்னே இருந்து வந்ததெல்லாம் அந்தக் கூப்பாடுதான். “எண்பது, இத என்னன்னு பாரு.” “எண்பது, அந்த வாட்ச் ஆச்சா?” தபால்காரர் ஒருவர் மட்டும் தங்கச்சி என்பார்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருந்திருப்பாள். மூளையில்லை என்று ஓர் ஆமை சொன்னதற்காக யாரும் பழிவாங்கப் புறப்பட மாட்டார்கள். புறப்பட வைத்தது வேறொன்று.

ஒருநாள் யாரோ வாடிக்கையாளருடைய மூளைப்பெட்டி பழுதுக்கு வந்தது, அதே ரகம். மூடியின் கீல் உடைந்திருந்தது. மாற்றிவிட்டு, ஓடுகிறதா பார்க்கலாம் என்று புது ஆட்டக்காரராகத் தொடங்கினாள். திரையில் முதல் கேள்வியாக இரண்டு கைகளின் படம் வந்தது. எந்தக் கையால் எழுதுவீர்கள்? இடது கையை அழுத்தினாள். உடனே பெட்டி தன்னைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிக்கச் சொன்னது. திருப்பினாள். எழுதும் பக்கம் இடப்புறம் வந்தது. கேள்வி கண்ணெதிரே தெளிவாக இருந்தது. குருவிகள் அத்தனையும் தெரிந்தன. ஆமை ஓடிவந்தது.

அவள் வெகுநேரம் விரிசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரு, நான் ஆரம்பிச்சுக் குடுக்கறேன்.

பெட்டி அன்றைக்கும் கேட்டிருக்கிறது. அவளை யாருமே கேட்காத கேள்வியை ஒரு விளையாட்டுச் சாமான் கேட்டிருக்கிறது. இடது கையில் குச்சியோடு அவள் எதிரில் உட்கார்ந்திருக்க, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நாத்தனார் வலது கையை அழுத்தியிருக்கிறாள்.

அன்றிலிருந்துதான் டேப்.

உடைப்பது எளிது. உடைத்தால் புதுசு வாங்குவார்கள், புதுசில் முப்பத்திரண்டு திரும்பி வந்துவிடும். அவளுக்கு வேண்டியது அதுவல்ல. நாத்தனார் கிழவியாக வேண்டும், தன் கையாலேயே எழுதி எழுதிக் கிழவியாக வேண்டும், அதுவும் அவசரமில்லாமல். எழுதும் திரையின் ஓரத்தில் சட்டத்துக்கு அடியில் ஏதாவது லேசாக அழுத்திக்கொண்டே இருந்தால், குச்சி படும் இடம் ஒன்று, பெட்டிக்குத் தெரியும் இடம் இன்னொன்றாக நழுவும். நாலு எழுதினால் ஒன்பதாகும். ஏழு நெளியும். அழித்து மறுபடி எழுத வேண்டும், அதற்குள் நேரம் போகும், ஆமை நிதானிக்கும். சூடு தாங்குகிற அந்த மஞ்சள் டேப் எப்போதும் மேசையில் இருப்பது. பெட்டிக்கு சார்ஜ் ஏற்றும் ஒயரும் அவள் மேசையில்தான் இருந்தது. பெட்டி வரும்போதெல்லாம் ஒரு துணுக்கு. அடி மேல் அடி வைத்தால் அம்மியே நகரும்போது ஒரு மூளையின் வயது நகராதா?

நகர்ந்தது. முப்பத்திரண்டு முப்பத்தெட்டானது. நாற்பத்தைந்தானது. தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் அதைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். சிலர் காலையில் பாட்டு வைத்துக் கேட்பார்களே, அதுபோல.

“என்னக்கா, ஆமை இன்னைக்கு ரொம்ப நிதானமா வருது?” என்பார் தபால்காரர்.

“ராத்திரி சரியா தூங்கல.”

“தூங்குங்க அக்கா. என்னப் பாருங்க, நடக்கும்போதே தூங்கறேன். அன்னைக்கு நாற்பத்தொம்பது வந்ததோட அந்த ஆமைய நான் தொடவே இல்ல.”

ஐம்பத்தாறு வந்த நாளிலிருந்து நாத்தனார் வயதைச் சத்தமாகச் சொல்வதை நிறுத்தினாள். சொல்லாவிட்டால் என்ன? அழிப்பதும் எழுதுவதுமாகக் குச்சி திரையைக் கீறும் சத்தமே போதுமாக இருந்தது. முன்பெல்லாம் அது மழைத்தூறல்போலக் கேட்கும். இப்போது எலி பலகையைச் சுரண்டுவதுபோலக் கேட்டது. இவள் ஈயம் உருக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். சுரண்டு அண்ணி, நல்லா சுரண்டு.

பிறகு ஒரு காலையில் ஒரு வாடிக்கையாளர் தன் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ள, நாத்தனார் மறுக்க முடியாமல் எல்லோர் முன்னும் விளையாடினாள். இவள் தடுப்பின் ஓரத்தில் வந்து நின்றுகொண்டாள். எழுபத்தெட்டு. ஆமை கம்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் கைதட்டின. தபால்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் நாத்தனாரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். அன்றைக்கே நாத்தனார் ஒருவருடைய கடிகாரத்தை இன்னொருவரிடம் எடுத்துக் கொடுத்தாள். அது டேப் செய்த வேலை அல்ல. பயம் செய்த வேலை. கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கத் தொடங்கினாள். தம்பி, “அக்கா, கொஞ்ச நாள் வீட்ல இரேன்” என்றான். அவன் சொன்ன விதம் கனிவாக இருந்தது, அதனால் இன்னும் மோசமாக இருந்தது.

யானைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம். பூனை பின்னால் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டது.

ஒரு மத்தியானம், தெரு ஓய்ந்திருந்த நேரத்தில், நாத்தனார் தடுப்பைத் தாண்டி உள்ளே வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அங்கே வந்து உட்கார்ந்ததே இல்லை. உட்கார வேறு நாற்காலியும் இல்லை. கவிழ்த்துப் போட்டிருந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, மூளைப்பெட்டியை மேசையில் வைத்தாள்.

“இதப் பிரிச்சுப் பாரு.”

“என்ன பழுது அண்ணி?”

“பழுது இருக்கணும். இருந்தா எனக்கு நல்லது.”

இவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்பா கடைசியில எப்படி இருந்தாரு, உனக்குத் தெரியாது. நீ கடையில முன்னாடி இருந்த, நான்தான் பக்கத்துல இருந்தேன். தினம் காலைல கஞ்சி எடுத்துட்டுப் போவேன். என்னப் பாத்து, ‘உங்க வாட்ச் இன்னும் ஆகலம்மா, நாளைக்கு வாங்க’ன்னுவாரு. மகள நாளைக்கு வரச் சொன்னாரு. தினமும்.” நாத்தனார் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “நானும் சரிங்கன்னு சொல்லிட்டு வந்துடுவேன். அவரு போனப்புறம்தான் இத வாங்கினேன். ஊரு கைதட்ட வாங்கல. அது எனக்கும் வந்துடக் கூடாதுன்னு வாங்கினேன்.”

இது இவளுக்குத் தெரியாத சங்கதி. காலில் தைக்கட்டும் என்று போட்ட முள் எங்கேயோ நெஞ்சில் தைத்திருந்தது.

“பாத்துட்டு உண்மையச் சொல்லு. பழுதில்லேன்னா பழுதில்லேன்னு சொல்லிடு. நாளைலேருந்து நீ முன்னாடி உக்காந்துக்க. நான் இங்க வந்துடறேன். சுவத்தப் பாத்து உக்கார்றதுக்கு எண்பது போதும்.”

பாவம் என்று தோன்றியது. தோன்றாமல் இல்லை. அதற்குள் வாய் முந்திக்கொண்டது. “அண்ணி, நான் அன்னைக்கு விளையாடினது ஞாபகம் இருக்கா?”

“எது? உன் எண்பதா?” அந்தப் பயத்திலும் நாத்தனாரின் உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. “ஆமை நடுவுல நின்னு மூச்சு வாங்குச்சே.”

“வேற ஒண்ணும் ஞாபகம் இல்லையா?”

“வேற என்ன இருக்கு?” என்று நாத்தனார் எழுந்துகொண்டாள். எழுந்த வேகம் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அப்படித்தானா, அல்லது தன் கண்ணுக்குத்தான் அப்படிப் பட்டதா என்று இவளால் சொல்ல முடியவில்லை. பாவத்தை எடுத்து மேசை ஓரமாக வைத்துவிட்டு, கோபத்தைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டாள்.

நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும். பெட்டி நல்லாத்தான் இருக்கு அண்ணி. பொய்கூட இல்லை என்று சாதிக்கலாம். சட்டம் நன்றாக இருக்கிறது, பலகை நன்றாக இருக்கிறது, திருகுகூட ஒன்றும் குறையவில்லை. நாளைக் காலையில் தெருவைப் பார்த்து உட்காரலாம். தடுப்புக்குப் பின்னால் அந்த அம்மாள் விரிசலைப் பார்த்துக்கொண்டு, தன் அப்பாவின் குரலைக் கேட்டுக்கொண்டு, நிஜமாகவே ஒவ்வொன்றாக மறக்கத் தொடங்குவாள். பயமே ஆளைத் தின்றுவிடும், டேப்புக்கு வேலை இருக்காது.

இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அதை நன்றாக ருசித்துப் பார்த்தாள். ருசி இருந்தது. ஆனால் எங்கேயோ உப்புக் குறைந்தது. என்ன குறைகிறது என்று பிடிபடச் சற்று நேரமாயிற்று. அந்த நாற்காலியை நாத்தனார் இவளுக்கு விட்டுக்கொடுக்கவில்லை, நோய்க்கு விட்டுக்கொடுக்கிறாள். ஏன் விழுந்தோம் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. விதி என்று நினைத்துக்கொள்வாள், அப்பாவின் ரத்தம் என்று நினைத்துக்கொள்வாள். அடித்தவள் யார் என்று அடிபட்டவளுக்குத் தெரியாவிட்டால் அது என்ன பழி? கூரையிலிருந்து ஓடு விழுந்தாலும் தலை உடையத்தான் செய்யும்.

சட்டத்தைத் திறந்தாள். துணுக்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக உரித்தெடுத்தாள். குப்பையில் போடவில்லை. ஒரு காகித அட்டையில் வரிசையாக ஒட்டினாள். பசை படிந்த இடத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாள், காயவிட்டாள், மறுபடி துடைத்தாள். பழிவாங்குகிறவளானாலும் பசையோடு சாமானைத் திருப்பிக் கொடுப்பவள் அல்ல. சட்டத்தை மூடி, திரையின் மூலைகளில் வரும் குறிகளைக் குச்சியால் தொட்டுத் தொட்டு நேர்ப்படுத்தினாள். நாலு எழுதினாள். நாலு வந்தது. ஏழு எழுதினாள், ஏழு நிமிர்ந்து நின்றது.

அதன் பிறகு, ஆட்டக்காரர்கள் பட்டியலில் தன் பெயருக்கு எதிரே இத்தனை வருடமாகக் கம்போடு நின்ற ஆமையை அழித்தாள். புது ஆட்டக்காரராகத் தொடங்கினாள். இரண்டு கைகளின் படம் வந்தது. அழுத்தவில்லை. அப்படியே மூடினாள். மூடினால் பெட்டி தூங்கும், திறந்தால் விட்ட இடத்திலிருந்து விழிக்கும்.

சாயங்காலம் தபால்காரர் வரும் நேரத்துக்குக் காத்திருந்தாள். கணவன் தோள்பையோடு வந்து சேர்ந்தான். தையல்காரர் கத்தரிக்கோலின் திருகு கழன்றுவிட்டது என்று எட்டிப் பார்த்தார். போதும். அன்றைக்கு இருந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் இருந்தார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

நாத்தனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “பாத்தியா?” குரல் தாழ்ந்திருந்தது. “அப்புறம் பேசலாம், உள்ள போ.”

“இல்ல அண்ணி. இங்கயே சொல்லிடறேன். சொல்றதுக்கு முன்னாடி ஒரு சோதனை இருக்கு.”

“என்ன சோதனை?”

“ஞாபகச் சோதனைதான். பெட்டி வேண்டாம், நானே கேக்கறேன்.” பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தாள். இரண்டு கைகள் விழித்தன. “நான் விளையாடின அன்னைக்கு இந்தக் கேள்வி வந்துச்சு. நான் அப்ப எந்தக் கையில குச்சி வெச்சிருந்தேன்?”

நாத்தனார் படத்தைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். இவள் நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே புரிந்துகொண்டாள். தெரியாது, மறந்துவிட்டது என்று சொல்லலாம். சொன்னால், தம்பியும் தபால்காரரும் தையல்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மறந்துவிட்டது என்ற சொல் அவள் காதிலேயே விழும். ஞாபகம் இருக்கிறது என்றாலோ, அன்றைக்குச் செய்தது எல்லோர் காதிலும் விழும்.

“விடுக்கா, எப்பவோ நடந்தது, யாருக்கு ஞாபகம் இருக்கும்” என்றான் தம்பி, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

அது போதுமாக இருந்தது. “எனக்கு இருக்கு” என்றாள் நாத்தனார். “இடது கை.”

“எத அமுத்தினீங்க?”

கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்த தையல்காரர் நிறுத்தினார்.

“வலது.”

“பாத்துக்கிட்டேதான?”

“பாத்துக்கிட்டேதான்.” நாத்தனாரின் முகம் சிவந்திருந்தது, ஆனால் குரல் நடுங்கவில்லை. “நீலக் கவரு, பச்சைக் கவருன்னு எல்லாரும் உன்னையே கேட்டாங்க. என்னை ஒருத்தரும் கேக்கல. அமுத்தினேன். போதுமா?”

“போதும். எவ்வளவு நல்ல ஞாபகம் பாருங்க.” இவள் முதல்முறையாகச் சிரித்தாள். “உங்க தலையில ஒண்ணும் இல்ல அண்ணி.”

“அத நாங்க ரொம்ப நாளா சொல்றோமே” என்று தபால்காரர் ஆரம்பித்து, யாரும் சிரிக்காததால் தபால் பையைச் சரிசெய்துகொண்டார்.

“பழுது பெட்டியிலதான்” என்றாள் இவள். அட்டையை எடுத்துப் பெட்டியின் பக்கத்தில் வைத்தாள். மஞ்சள் துணுக்குகள் வரிசையாகப் பளபளத்தன. “தானா வந்த பழுதில்ல. வெச்ச பழுது. வெச்சது நான்.”

நாத்தனார் அட்டையை வெகுநேரம் பார்த்தாள். முதலில் அவள் தோள்கள் இறங்கின. மாதக்கணக்காக உள்ளே பிடித்து வைத்திருந்த மூச்சு ஒன்று வெளியேறியது. கண்கூட நிறைந்தது. அது நிறைந்து முடிப்பதற்குள் கோபம் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றதில், எதை முதலில் வெளியே விடுவதென்று அவளுக்கே தெரியவில்லை.

“அடிப்பாவி. நான் எத்தன நாள் தூங்கல தெரியுமா உனக்கு?”

“தெரியும். தெரிஞ்சுதான் வெச்சேன்.”

“உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்! அப்பா மாதிரி ஆயிட்டேன்னு நான் அழுதேன்டி.”

“அது தெரியாது. இன்னைக்கு மத்தியானம்தான் தெரியும். அதனாலதான் எடுத்தேன். இல்லேன்னா எடுத்திருக்க மாட்டேன்.”

“தம்பி, கேட்டியா? உன் பொண்டாட்டிய—”

தம்பி எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவன் அக்காவையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. திரையில் இருந்த இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஓரமாகச் சிரித்த வாய் இன்றைக்கு ஓரமாகவே மூடியிருந்தது.

“வெளிய அனுப்பறதுன்னா அனுப்புங்க” என்றாள் இவள். “போறேன். ஆனா வேலைய முடிக்காம போற பழக்கம் இல்ல. சாமானக் கையில வாங்கிக்குங்க. அது இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு. அமுத்தறது உங்க கையிலதான். ஆரம்பிச்சுக் குடுங்க.”

பெட்டியை எடுத்தாள். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால், மேசைக்குக் குறுக்கே, நாத்தனாரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். கை ஆடவில்லை. ஈயம் உருக்கிப் பழகிய கை அது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே நிற்கும்.

நாத்தனார் அந்தக் கையைப் பார்த்தாள். இடது கையால குடுக்காதம்மா என்று சொல்ல நாக்கு எழும்பியது தெரிந்தது. எழும்பிய நாக்கு மடங்கி உள்ளே போனதும் தெரிந்தது.

பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.